இத்தாலிக்கு மட்டும் ஒரு பூஜ்யம்

தெற்கே கன்னியாகுமரியையும் வடக்கே குருவாயூரையும் தாண்டி நான் போனதில்லை. ஆனால் ஐஸ்லாந்துக்கு 354, ஃபிஜித் தீவுகளுக்கு 679 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக்காரருக்கு இது தீராத வேடிக்கை. "உலகம் பூரா இவளுக்கு அத்துப்படி. கிழக்கேகோட்டையிலே எந்த பஸ் எங்கே நிக்கும்னு மட்டும் கேட்டுடாதீங்கோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். இன்றைக்கும் தப்பான பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி ஸ்ரீவராகத்தில் இருக்கிற வீட்டுக்கு நடந்து வருகிறவள் நான்.

போன மாதம் பிந்து வந்திருந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பழகியவள், இப்போது அவளே பெரிய அதிகாரி. "கோமதி சேச்சி, புதுசா வந்த பிள்ளைகள் விஸ்வசிக்கவே மாட்டேங்குது. எஸ்.டி.டி. கோடு கேக்கறதுக்கு ஆளுக போன் விளிப்பாங்களா, அதுக்குப் பதில் சொல்ல சம்பளம் கொடுத்து ஆள் வெச்சிருந்தாங்களான்னு சிரிக்குது. சேச்சி ஒண்ணு எழுதித் தரணும், கேட்டோ" என்றாள்.

சிரிக்கட்டும். கைபேசியில் ஒரு பெயரைத் தொட்டால் கனடா எடுத்துப் பேசுகிற காலத்தில் பிறந்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, பிந்துவிடம்கூட இதுவரை சொல்லாத ஒரு விஷயம் முன்னால் வந்து நின்றுகொண்டது. அதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆப்பரேட்டராக, அதாவது வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவளாக, சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான்: காய்ச்சல் அடித்தாலும் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் குரல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்கப்புறம் பத்து வருஷம் தலையில் ஹெட்போன், கையில் இணைப்புக் கயிறு, எதிரே துளைகள் நிறைந்த பலகை. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. சனங்கள் தாங்களே நேராக எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். எங்களில் பாதிப் பேரைத் தூக்கி என்கொயரி அறையில் போட்டார்கள். அங்கே எனக்கும் இன்னும் நாலு பேருக்கும் கிடைத்தது கோடு சொல்லும் வேலை.

வேலை கேட்பதற்கு எளிது. நாட்டுக்குள்ளே வேறு ஊரென்றால் முன்னால் ஒரு பூஜ்யம். வெளிநாடென்றால் இரண்டு பூஜ்யம், பிறகு நாட்டு எண், பிறகு ஊர் எண், கடைசியில் வீட்டு எண். சிக்கல் எங்கே வருமென்றால், துபாயில் இருப்பவன் தன் எண்ணைக் கடிதத்தில் 04 என்று தொடங்கி எழுதி அனுப்புவான். அந்தப் பூஜ்யம் அவன் நாட்டுக்குள் இருந்து கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும். இங்கிருந்து கூப்பிட்டால் அதைத் தள்ளிவிட்டு 00 971 4 என்றுதான் போக வேண்டும். இது தெரியாமல் பூஜ்யத்தையும் சேர்த்துச் சுழற்றிவிட்டு, லைன் கிடைக்கவில்லை, அவனுக்கு என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று அழுதுகொண்டு எங்களைக் கூப்பிடுகிற பெண்கள் ஒரு நாளைக்கு இருபது பேராவது இருப்பார்கள். "முன்னாடி இருக்கிற பூஜ்யத்தை விட்டுடுங்கோ" என்பேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டு, "லைன் கிட்டி சேச்சி, கிட்டி!" என்பார்கள். அந்த மறுபடிக் கூப்பிடல் தேவையே இல்லாதது. எங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிடுவார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் பாறசாலையில் அண்ணன், தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் தம்பி. கூரைமேல் ஏறிக் கூவினால் கேட்கும். ஆனால் இந்தப் பக்கம் 0471, அந்தப் பக்கம் 04651. "என்ன அநியாயம் சேச்சி, அவன் வீட்டுக் கோழி எங்க வீட்டுல முட்டை போடுது, அதுக்கும் எஸ்.டி.டி.யா?" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

நாட்டு எண்களின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே உலகத்தில் எந்தத் திசை என்று தெரிந்துவிடும். ஒன்று வட அமெரிக்கா. இரண்டு பெரும்பாலும் ஆப்பிரிக்கா. மூன்றும் நான்கும் ஐரோப்பா. ஒன்பது நம்முடையது. நாம் 91. வளைகுடா முழுக்க ஒன்பதில்தான் தொடங்கும். சவூதி 966, ஓமான் 968, கத்தார் 974. ரேஷன் கார்டை எங்கே வைத்தோம் என்று தெரியாத பெண்களுக்குக்கூட இந்த மூன்று இலக்கம் தெரியும், புருஷன் அங்கே இருந்தால். எங்கள் ஊருக்கு உலகம் என்றால் ஒன்பதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றையும் நான்கையும் நான் மனப்பாடம் செய்தேனே தவிர மதிக்கவில்லை. அதற்கான பலனைப் பிற்பாடு அனுபவித்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் பங்கஜாட்சி அம்மா அப்படி இல்லை. அவருக்கு எல்லா நாடும் ஒன்றுதான். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இல்லாமல் போனபோது, பட்டியலில் 37 என்ற எண்ணை அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் அடித்தார். அடித்துவிட்டு ஒரு நிமிஷம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். செக்கோஸ்லோவாகியாவின் 42 இரண்டாகப் பிரிந்து 420, 421 என்று ஆனபோது எங்கள் ஐந்து பேரையும் நிற்க வைத்து மூன்று தரம் சொல்ல வைத்தார். அறையில் சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமியதும் நினைவிருக்கிறது. அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். அவர் நிற்கிறார் என்று தெரிந்தாலே கழுத்து வியர்த்துவிடும்.

கோடு மாறினால் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். அதை ஒரு தடித்த ஃபைலில் கோர்த்து, ஐந்து பேரும் படித்துவிட்டு, "கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அது பங்கஜாட்சி அம்மா வைத்த ஏற்பாடு. நாங்கள் என்ன செய்வோம் என்றால், மூன்றரை மணிச் சாயா வரும்போது ஃபைலைக் கைமாற்றி, ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் பேனாவுமாக வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவோம். ஒருத்தி படித்தால் போதும், அவள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவாள் என்பது எங்கள் ஏற்பாடு. ஒருத்தியும் படிக்காத நாளும் இருந்திருக்கிறது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஆண் குரல். பழவங்காடி பக்கம் ஒரு பூத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். "அம்மா, எனக்க மகளுக்க நம்பரு. இத்தாலி. ரோமாபுரி. எப்பிடி விளிக்கணும்?" என்றார். எண்ணைப் படிக்கச் சொன்னேன். பூஜ்யம் ஆறு என்று தொடங்கினார். நான் வழக்கப்படி, "முன்னாடி இருக்கிற பூஜ்யத்தை விட்டுடுங்கோ. 00 39 6, அப்புறம் மிச்ச நம்பர்" என்றேன். திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். ஒரு இலக்கம் பிசகாமல் சொன்னார். வைக்கப் போகும்போது, "அங்க இப்ப மணி எத்தன அம்மா?" என்று கேட்டார். நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் என்றேன். "அப்ப மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைத்தார். அதனால்தான் அந்தக் குரல் நினைவில் நின்றது.

அவரைப் பற்றிப் பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் மிக்கேல். ஊர் மார்த்தாண்டத்துக்குத் தெற்கே. பழவங்காடியில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். ஒரே மகள் ஜெசிந்தா. தாய் சாகக் கிடந்தபோது, மகளைக் கன்னியாஸ்திரீ ஆக்குவதாக மிக்கேல் நேர்ந்துகொண்டாராம். தாய் பிழைக்கவில்லை, ஆனாலும் நேர்ச்சை நேர்ச்சைதானே. மகளை மடத்தில் சேர்த்தார். மடம் அவளை ரோமுக்கு அனுப்பியது. அங்கே போய் ஒரு வருஷத்தில் அவள் மடத்தை விட்டு வெளியே வந்து, ஒரு வீட்டில் நடக்க முடியாத மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்துவிட்டாள். "இனி எனக்க வாசலச் சவுட்டாத" என்று மிக்கேல் ஆள் வைத்து எழுதி அனுப்பினார். அவருக்கு எழுதத் தெரியாது. ஒன்றரை வருஷம் பேச்சில்லை.

பிறகு அவளிடமிருந்து ஒரு கடிதம். ஈஸ்டருக்குள் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேதான். "நீங்க வான்னு சொன்னா வந்துருவேன் அப்பா. கடிதாசி வேண்டாம், அது வேற ஆளுக்க கையெழுத்து. உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும்" என்று எழுதி, கீழே அந்த வீட்டின் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தாள். தன் பக்கமிருந்து ஓட்டலுக்குக் கூப்பிட அவளுக்குப் பயம். அப்பா எடுத்து வைத்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் அவர் என்னிடம் கோடு கேட்டிருக்கிறார்.

ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல், வாட்ச்மேன் ஒருவரை எங்கள் அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பொதுமக்கள் அங்கே வரக் கூடாது. "கீழ எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்லை. இத்தாலி கோடு சொன்ன அம்மாவைப் பார்க்கணுமாம்" என்றார். வெள்ளை வேட்டி, துவைத்துத் துவைத்து மெலிந்த சட்டை, முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. வாயைத் திறந்ததும் குரல் தெரிந்துவிட்டது.

"கோடு எல்லாம் சரிதான் அம்மா. லைன் உடனே கிட்டுது. ஆனா அந்த வீட்டு வெள்ளக்கார மதாம்மாதான் எடுக்கா. ஓரோ ஞாயிறும் நான் விளிப்பேன். அவ அவளுக்க பாஷையில என்னமோ பறைவா, வச்சிருவா. மகளக் கூப்பிட மாட்டேங்கா. ஈஸ்டருக்கு இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு. 'எனக்க மகளக் கூப்பிடு'ன்னு அவங்க பாஷையில எப்பிடிச் சொல்லணும்? அது ஒண்ணு மட்டும் சொல்லித் தந்தாப் போதும். நான் படிச்சுக்கிடுவேன்."

எனக்கு இத்தாலிய மொழி என்ன தெரியும்? உதட்டைப் பிதுக்கினேன். கடிதத்தை என் முன்னால் விரித்து வைத்தார். படித்தேன். அவரோ அந்த மதாம்மாவைப் பற்றிக் குறை சொல்லக்கூட இல்லை. "நல்ல பொம்பளதான், கேட்டியளா. பைசா ஏறுகதுக்கு முன்ன வச்சிருவா. பூத்துக்காரன் இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் வாங்கல" என்றார்.

கோடியிலிருந்த மேஜையில் பங்கஜாட்சி அம்மா தலையைத் தூக்கினார். எனக்கும் அதே சமயம் உறைத்தது. மறுமுனையில் ஒரு மனுஷர் எடுத்தால் பூத்து மீட்டர் ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் யாரும் எடுக்கவில்லை.

பங்கஜாட்சி அம்மாவின் மேஜையில் மட்டும் வெளிநாட்டு லைன் உள்ள கருவி உண்டு. அதற்குப் பூட்டு உண்டு, சாவி அவர் கைப்பையில். சொந்த உபயோகத்துக்கு அவர் அதை ஒரு தடவையும் திறந்ததில்லை. எழுந்து வந்து திறந்தார். கடிதத்திலிருந்த எண்ணை, அன்றைக்கு நான் சொன்னபடியே பூஜ்யத்தை விட்டுச் சுழற்றினேன். ஒரு பெண் குரல். நிதானமாக, மரியாதையாக ஒரு வாக்கியம். சின்ன இடைவெளி. மறுபடி அதே வாக்கியம், அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. பதிவு செய்து வைத்த குரல். இப்படி ஓர் எண் இல்லை என்று சொல்கிறது.

"கோமதி, ஆ ஃபைல் இங்கோட்டு எடுக்கு" என்றார் பங்கஜாட்சி அம்மா.

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தேடவே இல்லை, நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தார். இத்தாலிக்காரர்கள் முந்திய வருஷம் முறையை மாற்றிவிட்டார்கள். ஊர் எண்ணின் பூஜ்யம் இனி எண்ணின் பகுதி. வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாலும் அதை விடக் கூடாது. உலகம் முழுக்கப் பூஜ்யத்தை விட வேண்டும், இத்தாலிக்கு மட்டும் சேர்க்க வேண்டும். கீழே ஐந்து கையெழுத்து. நாலாவது என்னுடையது. கண்டேன், கோமதி, தேதி. மிக்கேல் என்னைக் கூப்பிட்டதற்கு மூன்று மாதம் முந்திய தேதி. ஓரத்தில் ஒரு சாயா டம்ளரின் வட்டம்கூட இருந்தது.

பங்கஜாட்சி அம்மா ஃபைலை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மிக்கேலுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இவிடெ இரிக்கணும்" என்றார்.

"அந்த நாட்டிலே நம்பர் மாறிடுத்து" என்று ஆரம்பித்தேன். அது பொய் இல்லை. அப்படியே விட்டிருந்தால் அவர் நம்பியிருப்பார், நன்றிகூடச் சொல்லியிருப்பார். பங்கஜாட்சி அம்மா பக்கத்தில் நின்றார். அவருக்குப் பயந்து சொன்னேனா, கடிதத்தைப் படித்ததால் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "இல்லை. மாறினது எனக்குக் கடுதாசிலே வந்திருந்தது. நான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். உங்களுக்கு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த மதாம்மா?"

"அது மெஷின். மனுஷா இல்லை."

"ஓரோ ஞாயிறும் அவகிட்ட எல்லாம் பறஞ்சேனே. பாஷை அறியாட்டாலும் மகள்ட்ட போய்ச் சொல்லுவான்னு நெனச்சேன். ஒண்ணும் ஆருக்கும் கேக்கல?"

"இல்லை."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "முதல்ல ரெண்டு மூணு வாட்டி நல்லா ஏசினேன், நேர்ச்சைய முறிச்சதுக்கு. அது கேக்காதது நல்லதுதான்" என்றார். பிறகு, "பொறவு பறஞ்சது கேட்டிருக்கலாம்" என்றார்.

அந்த அறையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அங்கே கேட்ட குரல்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன். சமையலறையில் நிற்கும்போது காதில் ஹெட்போன் இல்லாதது திடீரென்று குளிர்ந்தாற்போல இருக்கும். பிற்பாடு எங்கள் ஊர் எண்களுக்கெல்லாம் முன்னால் ஒரு இரண்டு சேர்ந்தது, ஒரு வாரம் முழுக்க ஊரே எங்களைக் கூப்பிட்டது, அந்த வாரம் திரும்பி வராதா என்று இருக்கும். ஆனால் ஏக்கத்தோடு நினைக்கும்போதெல்லாம் கடைசியில் நான் போய் நிற்பது அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான். பிந்து இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

"நீ தன்னெ விளிக்கு" என்றார் பங்கஜாட்சி அம்மா. தப்பாகச் சொன்னவளே சரியாகச் சுழற்ற வேண்டும்.

00 39 06. விரல் அந்தப் பூஜ்யத்தில் ஒரு கணம் நின்றது. கிர்ரென்று நீளமாக மணி போனது. நாலாவது மணியில் எடுத்தார்கள். ஒரு இளம் குரல் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டது. "ஜெசிந்தாவா? திருவனந்தபுரத்திலேர்ந்து பேசறோம். உங்கப்பா பேசறார்" என்று சொல்லிவிட்டு அவர் கையில் கொடுத்தேன். பக்கத்தில் லைன் சரிபார்க்க, கேட்கவும் பேசவும் முடிகிற இன்னொரு ரிசீவர் உண்டு. பேச்சு தொடங்கியதும் ஆப்பரேட்டர் அதை வைத்துவிட வேண்டும். ஒரு நாளும் மீறாத சட்டம் அது. நான் வைக்கவில்லை. பங்கஜாட்சி அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா?" என்றாள். "அப்பாதானா?"

பத்து ஞாயிற்றுக்கிழமை மெஷினிடம் அத்தனையும் பேசிய மனுஷருக்கு நாக்கு எழவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது.

"அப்பா, இம்புட்டு நாளு நீங்க விளிப்பீங்கன்னு பார்த்தேன். விளிக்கேல்ல. இந்த வீட்டுக்காரங்க ஈஸ்டருக்கு ஊருக்குப் போறாங்க, அதனால சனிக்கிழமையே கையெழுத்து வாங்கிட்டாங்க. இனி ரெண்டு வருசம் கழிஞ்சுதான்."

மூன்று நாள். சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில் மூன்றே நாள். மிக்கேல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் மூச்சு எனக்கே இரண்டு பக்கமும் கேட்டது, நேரிலும், லைனிலும்.

அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "அப்பா, அது கழிஞ்சு வரட்டா? வரலாமா அப்பா? வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

அவர் தலையாட்டினார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். லைனில் ஒரு சத்தமும் போகவில்லை. அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். எங்கே வைத்துவிடுவாளோ என்று எனக்குப் பதறிவிட்டது.

"ஜெசிந்தா, வெச்சுடாதே. அப்பா தலையாட்டறார்" என்றேன். "வரச் சொல்லித் தலையாட்டறார்."

ரோமில் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்பவும் ஆட்டுறாங்களா?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.